ஆணியில் சுருட்டி மாட்டிய பெல்ட்

அந்த வண்டியைக் கெடுத்தவன் நான்தான்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. குறை என் கையில் இருந்தது. நான்கு வருடமாக அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவராக இருக்கலாம். அந்த அமெரிக்க வண்டியை எங்காவது பார்த்து, ஆசைப்பட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். ஜோகூரில் யாரிடமாவது விசாரித்திருந்தால், "வேண்டாம்பா, அதோட பெல்ட் நம்ம ஊரு சூட்டுக்குத் தாங்காது" என்று சொல்லியிருப்பார்கள்.

அது நான் சொன்ன பொய். என் வாயிலிருந்துதான் கிளம்பியது.

என் பெயர் மணியம். சிம்பாங் ரெங்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. அதற்கு மேல் படிப்பு இல்லை. தமிழ் எழுதுவேன். மலாய் பேசுவேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் தெரியாது.

ஆனால் வண்டி தெரியும். காப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன வண்டிகளை முப்பது வருடமாகப் பிரித்து மாட்டுகிறேன். சத்தத்தைக் கேட்டே எங்கே நோவு என்று சொல்லிவிடுவேன். இந்த வட்டாரத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் தலையாட்டினால் வாங்குவார்கள். உதட்டைப் பிதுக்கினால் திரும்பிப் போவார்கள். வேறு பேச்சு கிடையாது.

அதில் எனக்குப் பெருமை. இருக்காதா பின்னே…

சந்திரன் என் பட்டறைக்குப் பல வருடமாக வருகிறவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவான், ஞாயிறு முழுக்க என் பட்டறையில் கிடப்பான். அவன் மனைவி புவனா குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். கடுகு போன்ற பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பலகையில் வைக்கிற வேலை. விரல் நடுங்கக் கூடாது. அவள் விரல் நடுங்காது.

அந்த அமெரிக்க வண்டியைச் சந்திரன் ஜோகூர் பாருவில் ஒருவரிடம் பார்த்தான். பழைய வண்டி. கைப்பேசியில் படம் எடுத்து வந்து எனக்குக் காட்டினான்.

"அண்ணே, இத பாருங்கண்ணே. பெட்ரோல் டேங்கு எங்க இருக்குன்னு சொல்லுங்க பாக்கலாம்."

டேங்கு இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். சிரித்தான்.

"அலமாக்! அது வெறும் மூடிண்ணே. பெட்ரோலு வண்டிச் சட்டத்துக்குள்ள. எண்ணெய் பின்சக்கரத்தைப் புடிச்சிருக்கிற கைக்குள்ள. புகைக்குழாய் வயித்துக்குக் கீழ. முன் பிரேக்குத் தட்டப் பாருங்க, சக்கரத்தோட விளிம்புல மாட்டியிருக்கான். சங்கிலியே கிடையாது, பெல்ட்டு!"

படத்தைப் பார்த்தேன். குட்டையாக, தடித்து, கோபமாக நின்றது வண்டி. அப்படி ஒன்றை நான் தொட்டதே இல்லை.

"வாங்கலாமாண்ணே?"

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. எனக்குத் தெரியாது.

சொல்லியிருந்தால் அவன் ஜோகூர் பாருவிலேயே அந்த வண்டி தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்திருப்பான். பட்டறையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் என் பட்டறையில் ஒரு நாளும் சொன்னதில்லை!

"வண்டின்னா எல்லாம் வண்டிதான். ரெண்டு சக்கரம், ஒரு இஞ்சின். கொண்டா பாப்போம்" என்றேன்.

அப்படியும் அவன் உடனே வாங்கவில்லை. கேட்ட இடமெல்லாம் வேண்டாம் என்றார்கள். சாமான் கிடைக்காது என்றார் ஒருவர். திரும்ப விற்க முடியாது என்றார் இன்னொருவர். சந்திரனின் அக்கா பாக்கியம், "ஜப்பான்காரன் வண்டிய எல்லாரும் ஓட்டுறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று ஏசினாள். ஒரு மாதம் இழுத்தது. அவன் முகம் தொங்கிப்போய்விட்டது.

வாங்கச் சொன்னது புவனா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போக என் பட்டறைக்கு வந்தவள், எல்லார் முன்னாலும் சொன்னாள். "யாரு வேணாங்குறாங்கன்னு கணக்கெடுத்துக்கிட்டே இருங்க. புடிச்சிருக்கா இல்லையா? புடிச்சிருந்தா வாங்குங்க லா. ஓட்டப்போறது நீங்க, பின்னாடி உக்காரப் போறது நான். ஊரா உக்காரப் போவுது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் வண்டி வந்துவிட்டது.

வழக்கப்படி முதலில் சாலையோர முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பூசாரி மாலை போட்டு, சூடம் காட்டி, முன்சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். சந்திரன் வண்டியை நகர்த்தினான். பழம் நசுங்கவில்லை. சக்கரத்தின் பக்கவாட்டில் வழுக்கி, உருண்டு, பாக்கியத்தின் காலடியில் போய் நின்றது. பூசாரி வேறு பழம் வைத்தார். அது நசுங்கியது.

"முதல் பழம் பாஸாகல, ரெண்டாவது பழம் பாஸாகிருச்சு" என்றாள் புவனா. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு எல்லாரும் அந்தப் பழத்தைத்தான் பேசினார்கள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

எட்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஒரு தொந்தரவும் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பின் டயர் தேய்ந்தது. சந்திரன் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனான். போகும்போது ஒரு தடித்த புத்தகத்தையும் கொடுத்தான். வண்டியை எப்படிப் பிரிப்பது, மாட்டுவது என்கிற புத்தகம். முழுக்க ஆங்கிலம்.

"அண்ணே, சந்தேகம் வந்தா இதுல பாருங்க."

"எனக்கென்னடா சந்தேகம்" என்று அலமாரிக்கு மேல் போட்டேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். பெல்ட்டையும் கழற்றினேன். பல் சக்கரங்களைச் சுத்தம் செய்துவிட்டு மாட்டலாம் என்று. டயர் குளுவாங்கிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

கழற்றிய பெல்ட்டை என்ன செய்தேன் தெரியுமா?

சங்கிலியைச் செய்கிற மாதிரியே செய்தேன். மூன்று மடிப்பாகச் சுருட்டி, ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டி, சுவர் ஆணியில் மாட்டினேன். முப்பது வருடமாகச் சங்கிலியை அப்படித்தான் மாட்டுகிறேன். தரையில் கிடந்தால் மண் ஒட்டும். சுருட்டி மாட்டுவதுதான் சுத்தமான வேலை. எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் அது ஆணியில் தொங்கியது.

மாட்டும்போது பார்த்தேன். மடிந்த இடத்தில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் கீறின மாதிரி மெல்லியது. கட்டை விரலால் தேய்த்தேன். போகவில்லை. ரப்பர்தானே, ஓடினால் நேராகிவிடும் என்று நினைத்தேன். மாட்டினேன்.

இதுவரைக்கும் செய்தது தெரியாமல் செய்தது. இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வண்டியைச் சந்திரன் எடுத்துப்போன பிறகு, நான்கைந்து நாள் கழித்து, அலமாரியில் வேறு எதையோ தேடினேன். புத்தகம் கீழே விழுந்தது. மழை. வேலை இல்லை. உட்கார்ந்து படம் பார்த்தேன்.

ஒரு பக்கத்தில் பெல்ட் படம் இருந்தது. ஒரு கை பெல்ட்டை மடித்துப் பிடித்திருக்கிறது. அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் இன்னொரு படம். சுருட்டிய பெல்ட். அதன் மேலும் பெருக்கல் குறி!

அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையா? பள்ளிக்கூடமே தேவையில்லை.

மடிக்கக் கூடாது. சுருட்டக் கூடாது. நான் மடித்துச் சுருட்டிக் கயிறு போட்டு இறுக்கியிருக்கிறேன்.

கைப்பேசியை எடுத்தேன். சந்திரனின் பெயர் வரைக்கும் வந்தேன். என்ன சொல்வது? "தம்பி, நான் உன் வண்டியைக் கெடுத்துவிட்டேன், ஓட்டாதே" என்றா? மணியம் ஒரு பெல்ட்டைக் கழற்றி மாட்டத் தெரியாதவன் என்று அவன் எங்கே போய்ச் சொல்வானோ… ஞாயிற்றுக்கிழமை வருவான், அப்போது பார்த்துக்கொள்வோம் என்று கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். டீ குடித்தோம். வண்டி வாசலில் நின்றது. நான் குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"சும்மா."

ஒரு வார்த்தை. அதைத்தான் சொன்னேன். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தான். அன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டதே, இனி ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு அவர்கள் பாலோவுக்குப் போனார்கள். புவனாவின் சொந்தக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. காலை நேரம், நல்ல வெயில். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சாலை காலியாக இருந்ததால் சந்திரன் முந்தினான். பாதி முந்தும்போது பெல்ட் அறுந்தது.

இஞ்சின் கத்தியது. வண்டி போகவில்லை. எதிரே வளைவில் ஒரு கார் வந்துவிட்டது. அவன் பிரேக் பிடித்துப் பின்வாங்கி, லாரிக்குப் பின்னால் நுழைந்து, சாலையோரம் போனான். அங்கே சரளைக்கல். வண்டி சாய்ந்தது.

அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

எனக்குத்தான் முதலில் அழைத்தான். என் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேரும்போது அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சேலையெல்லாம் மண். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "அண்ணே, வண்டியப் பத்திரமா கொண்டு போயிருங்க. இவரு இத நெனச்சே அழுவாரு" என்றாள்.

அவர்கள் போன பிறகு சாலையில் நடந்து தேடினேன். பெல்ட் கிடைத்தது. அந்தக் கோட்டில் அறுந்திருந்தது. கத்தியால் வெட்டின மாதிரி. சரியாக அந்தக் கோட்டில்!

சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கை அவ்வளவு வேகமாக வேலை செய்தது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் சந்திரன் கேட்டான். "என்ன ஆச்சுண்ணே? ஏன் அறுந்துச்சு?"

"அமெரிக்காக்காரன் பெல்ட்டுடா. நம்ம ஊரு சூட்டுக்குத் தாங்காது."

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. வந்த பிறகு கேட்க நன்றாக இருந்தது. மாமாக் டீக்கடையில் ஒருவரிடம் சொன்னேன். பட்டறையில் இன்னொருவரிடம் சொன்னேன். ஒரு மாதத்தில் அது குளுவாங் போய், ஆயர் ஹீத்தாம் போய், வேறு யார் யாரோ எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

புவனாவின் கை கூடியது. ஆனால் பழைய கை இல்லை. குளிர்ந்தால் விரல் மடங்காது. இடுக்கியைப் பிடித்தால் நடுங்கும். தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற பகுதிக்கு மாற்றினார்கள். பெட்டியைத் தூக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டாள். இப்போது எதையும் இடது கையால்தான் செய்கிறாள். சாவி திருப்புவது, டீ குடிப்பது, எல்லாம்.

அதுகூடப் பரவாயில்லை. கேளுங்கள்.

பாக்கியம் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள். "சாமி முதல்லேயே காட்டுச்சு. இவதான் சிரிச்சா. இவதான் வாங்கு வாங்குன்னு நின்னா." சந்திரன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு தடவை என் முன்னாலேயே சொன்னாள். "மணியம், நீயே சொல்லு, பழம் நழுவினப்பவே திருப்பிக் குடுத்திருக்கணுமா இல்லையா?"

தலையாட்டினேன். புவனா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நான் தலையாட்டியதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் கருத்துச் சொல்வதில்லை. திரைச்சீலை என்ன நிறம் வாங்கலாம் என்று கேட்டால்கூட, "உங்க இஷ்டம். நான் சொன்னா வெளங்காது" என்பாளாம். சந்திரன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். உள்ளுக்குள் அவனுக்கும் சிரிப்பு இல்லை.

சந்திரன் புதுப் பெல்ட் தருவித்தான். நான்தான் மாட்டினேன். இரண்டு கையிலும் ஏந்தி, வளையாமல், நெளியாமல் கொண்டுபோனேன்.

"என்னண்ணே, சாமி மாலை மாதிரி தூக்கிட்டு வர்றீங்க!"

"விலை உள்ள சாமான்டா" என்றேன்.

மாட்டிக் கொடுத்த வண்டியை அவன் ஓட்டவில்லை. பார்த்தாலே அவளுக்குக் கை வலிக்கிறது என்று கொட்டகையில் தார்ப்பாயைப் போட்டு மூடினான். ஞாயிற்றுக்கிழமைகளில் இஞ்சினை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிடுவான். விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தான்.

மூன்று பேர் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் என்னிடம் வந்து கேட்டார்கள். மூன்று பேருக்கும் உதட்டைப் பிதுக்கினேன்.

ஏன்? இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யாராவது வாங்கி, நாலைந்து வருடம் நல்லபடியாக ஓட்டிவிட்டால்? அப்போது கேள்வி வரும். எல்லாரிடமும் நன்றாக ஓடுகிற வண்டி மணியம் தொட்ட பிறகு ஏன் அறுந்தது? அதனால் அந்த வண்டி கெட்ட வண்டியாகவே இருக்க வேண்டும். தார்ப்பாய்க்குக் கீழேயே கிடக்க வேண்டும். அது கெட்டதாக இருந்தால்தான் நான் நல்லவன்.

இவ்வளவுதான் என் கணக்கு. இதற்காகத்தான் ஒரு பெண் திரைச்சீலை நிறம்கூடச் சொல்லாமல் இருக்கிறாள்.

சென்ற மாதம் நான்காவது ஆள் வந்தார். பெயர் தனபாலன். சிகாமட்டிலிருந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய வண்டிகள் ஓட்டிப் பழகியவர். சந்திரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். புவனாவும் கூட வந்தாள். மருந்து வாங்கப் போகிற வழி.

தனபாலன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. அதே நேரம் பயமும் தெரிந்தது.

"எனக்கு ரொம்ப நாளா இது மேல ஒரு கண்ணு. ஆனா யாரக் கேட்டாலும் வேணாங்குறாங்க. பெல்ட்டு நம்ம ஊரு சூட்டுக்குத் தாங்காதாமே? சிகாமட்லகூடச் சொல்றாங்க."

சிகாமட் வரைக்கும் போயிருக்கிறது.

அவர் புவனா பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? பின்னாடி உக்காந்து போனவங்க நீங்கதானே?"

அவள் வலது கையை மெல்ல உயர்த்திக் காட்டினாள். "என்னைக் கேக்காதீங்க அண்ணே. இத வாங்கச் சொன்னவளே நான்தான். அதுக்கப்புறம் நான் யாருக்கும் யோசனை சொல்றதில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நேரம் கேட்டால் நேரம் சொல்கிற மாதிரி.

தனபாலன் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் இங்க பேச்சாமே. வாங்கலாமா?"

கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"வாங்கலாம்" என்றேன்.

சந்திரன் நிமிர்ந்தான்.

"நல்ல வண்டி. இஞ்சின் சுத்தம். சட்டம் கெட்டி. பெல்ட்டு நம்ம ஊரு சூட்டுக்குத் தாங்கும். அதெல்லாம் சும்மா பேச்சு. கழட்டும்போது மடிக்காம பாத்துக்கிட்டா எத்தனையோ வருஷம் வரும். புத்தகம் படிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட மட்டும் வேலைக்குக் குடுங்க."

இவ்வளவும் உண்மை. நான்கு வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை. இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. நான் மடித்தேன். அதையும் சொல்ல வாயெடுத்தேன்…

புவனா முந்திக்கொண்டாள்.

"அப்ப வண்டியில குத்தம் இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

"அப்ப நான் வாங்கச் சொன்னது தப்பில்லை?"

"தப்பே இல்ல."

அவள் முகம் மாறியது. நான்கு வருடத்துக்கு முந்திய முகம் ஒரு கணம் வந்தது. எனக்கும் ஒரு கணம் இலேசாக இருந்தது. ஆனால் அவள் அங்கே நிற்கவில்லை. மெதுவாகச் சந்திரனைப் பார்த்தாள்.

"வண்டி நல்ல வண்டியாம். கேட்டீங்களா? அப்ப நீங்கதான். லாரி பின்னாடி கொஞ்ச நேரம் பொறுத்துப் போயிருக்கலாம்ல? எதுக்கு அப்படி முறுக்குனீங்க? நீங்க முறுக்குன முறுக்குலதான அறுந்துச்சு?"

சந்திரன் தரையைப் பார்த்தான்.

"இருக்கும்" என்றான். "நான்தான் அவசரப்பட்டிருப்பேன்."

அவன் அன்று வேகமாகப் போகவில்லை. அளவுக்கு மீறி முறுக்கவும் இல்லை. அந்த வண்டியின் பெல்ட் நல்ல பெல்ட்டாக இருந்திருந்தால் அதைவிட இரண்டு மடங்கு முறுக்கினாலும் தாங்கியிருக்கும். எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாக்கி இருந்த அந்த ஒரு வாக்கியத்தை அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் என் முன்னால்தான் நின்றார்கள். ஒரு எட்டு தூரம்.

நான் துணியைத் திரும்ப எடுத்துக் கையைத் துடைத்தேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

தனபாலன் வண்டியை வாங்கிக்கொண்டார். அன்றே ஓட்டிப்போனார். நல்ல சத்தம். சாலையில் திரும்பி மறையும் வரைக்கும் கேட்டது. சந்திரன் அதைப் பார்க்கவில்லை. புவனா முன்னால் நடக்க, அவன் பின்னால் நடந்துபோனான்.

பாதி உண்மை சொன்னால் பாதிப் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அவள் தோளிலிருந்து எடுத்து அவன் தோளில் வைத்ததுதான் நான் செய்தது.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அந்த வண்டியை நீங்கள் வாங்கலாம். பிடித்திருந்தால் வாங்குங்கள். சாமான் வந்துசேர நாளாகும், அதற்குப் பொறுமை வேண்டும். மற்றபடி அது ஒழுங்கான வண்டி. பார்க்கத்தான் வேறு மாதிரி. வேறு மாதிரி இருந்ததால்தான் நான் சொன்ன பொய் அதன் மேல் அவ்வளவு சுலபமாக ஒட்டியது. ஒரு காப்சாயைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

உங்களிடம் சொல்ல முடிகிறது. நீங்கள் யாரோ. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. சந்திரனிடம் சொல்ல முடியவில்லையே… ஏன்? இத்தனை பக்கம் எழுதிய பிறகும் எனக்கு விளங்கவில்லை. அவன் அடிப்பான் என்ற பயமா? இல்லை. அவன் அடிக்க மாட்டான். "பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிடுவான். அந்தப் பயம்தான் போலிருக்கிறது.

அறுந்த பெல்ட் என் சாமான் பெட்டியின் அடியில் கிடக்கிறது. எறியவில்லை. தினமும் ஸ்பானர் எடுக்கக் கையை விட்டால் விரலில் படும்.

போன ஞாயிறு இரண்டு பேரும் வந்தார்கள். புவனாவின் சின்ன வண்டியில் சங்கிலி தளர்ந்து சத்தம் போடுகிறது என்று.

"பக்கத்துலயே இன்னொரு பட்டறை தொறந்திருக்காங்க. போலாம்னா கேக்க மாட்டேங்கறாரு" என்றாள் புவனா.

"அதெல்லாம் சரிப்படாது. அண்ணன் கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றான் சந்திரன்.

அவளுக்கு நாற்காலி போட்டேன். இடது கையில் டீ வாங்கிக்கொண்டாள். அவன் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

சங்கிலியைக் கழற்றினேன். சுருட்டி ஆணியில் மாட்டலாம். சங்கிலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கை வரவில்லை. தரையில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் நீளமாகப் போட்டேன்.

சந்திரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, எப்பவும் ஆணியிலதான மாட்டுவீங்க? மண்ணு ஒட்டுமுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சும்மா" என்றேன்.